என்எச்எஸ்: பணம் கட்டியாச்சு, கார்டு எங்கே?

லீட்ஸ்_புதுசு

வணக்கம் மக்களே. நான், மனைவி, நாலு வயசுப் பையன், மூன்று பேரும் போன மாதம்தான் இங்கிலாந்தில் லீட்ஸ் வந்து சேர்ந்தோம். ஸ்கில்டு வொர்க்கர் விசா, மூன்று வருடத்துக்கு. விசாக் கட்டணம் போக, என்எச்எஸ் என்ற இங்குள்ள அரசு மருத்துவ சேவைக்காக ஐஎச்எஸ் என்று தனியாக ஒன்று, பெரியவர்களுக்கு ஆளுக்கு வருடம் 1,035 பவுண்ட், பையனுக்கு 776, மூன்று வருடத்துக்கும் சேர்த்து 8,538 பவுண்டை ஒரே மூச்சில் கறந்துவிட்டார்கள். இவ்வளவு வாங்கினவர்கள் ஒரு இன்ஷூரன்ஸ் கார்டாவது தபாலில் அனுப்புவார்கள் என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் போடுகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை இன்னும் மூன்று வாரத்துக்கு வரும். இங்கே ஃபார்மசியில் பழைய சீட்டைக் காட்டிக் கேட்டேன், "இந்த நாட்டு டாக்டர் எழுதிய சீட்டு வேண்டும்" என்கிறார்கள். நம்ம ஊர் மெடிக்கல் மாதிரி காலி அட்டையைக் காட்டி வாங்க முடியாது போல. பக்கத்தில் ஏதாவது நல்ல சர்க்கரை டாக்டரிடம் நேராக அப்பாயின்ட்மென்ட் போட முடியுமா? பையனுக்கும் இந்தக் குளிரில் காய்ச்சல் வந்து வந்து போகிறது. வாடகை ஒப்பந்தம் கம்பெனி பெயரில் இருக்கிறது, என் பெயரில் ஒரு கரண்ட் பில்கூடக் கிடையாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஹாரோ_அக்கா

தம்பி, கார்டு வராது, காத்திருக்க வேண்டாம். நீங்கள் கட்டினது இன்ஷூரன்ஸ் காசே இல்லை. அது விசாவோடு சேர்த்து வாங்கிற ஒரு கட்டணம், 2015ஆம் ஆண்டு தொடங்கேக்க 200 பவுண்ட்தான் இருந்தது, 2024 பெப்ரவரியில் இந்த 1,035க்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதைக் கட்டினால் இங்கே இருக்கிற சனத்துக்கு உள்ளது எல்லாம் உங்களுக்கும் உண்டு, அவ்வளவுதான். க்ளெய்ம், கேஷ்லெஸ், முன் அனுமதி என்று ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பி வந்தாலும் பில் வராது.

முதல் வேலை ஜிபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், பதிவது. என்எச்எஸ் இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் பக்கத்தில் இருக்கிற சர்ஜரிகள், அதாவது ஜிபி கிளினிக்குகள், எல்லாம் வரும், கனபேர் ஆன்லைனிலேயே பதிகிறார்கள். இங்கிலாந்தில் பதிவதற்கு விலாச ஆதாரமோ பாஸ்போர்ட்டோ விசாவோ கட்டாயம் இல்லை. ரிசப்ஷனில் இருக்கிற பிள்ளை "பில் கொண்டு வாங்கோ" என்று சொன்னால், "என்எச்எஸ் விதிப்படி அது தேவையில்லைதானே" என்று மரியாதையாகச் சொல்லுங்கோ. இடம் இல்லை, உங்கள் வீடு எங்கள் எல்லைக்குள் இல்லை என்று மறுக்கலாம், ஆனால் மறுத்தால் காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். நான் இங்கே வந்த காலத்தில் இதையெல்லாம் சொல்லித் தர ஆள் இருக்கவில்லை, தெரிந்தவர் ஒருவர் மூலம்தான் எல்லாம்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்

அக்கா சொன்னது சரி. சர்க்கரை டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். நான் மதுரைக்காரி, இங்கே ஒரு ஏ அண்ட் ஈ-யில், அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், நர்ஸ். நம்ம ஆட்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். ஊரில் நெஞ்சு வலித்தால் இதய டாக்டர், தோல் அரித்தால் தோல் டாக்டர், நாமே முடிவு செய்து டோக்கன் போட்டுவிடுவோம். இங்கே அப்படி நேராகப் போக முடியாது. ஜிபி பார்த்து, தேவை என்று நினைத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதுவார். உங்கள் சர்க்கரைக்கு ஸ்பெஷலிஸ்ட்டே தேவைப்படாது, ஜிபி சர்ஜரியில் இருக்கும் நர்ஸ்தான் வருடா வருடம் எல்லாம் பார்ப்பார். ரத்தம், பிபி, கொழுப்பு, சிறுநீர், சாக்ஸைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். ஊரில் இருபது வருடம் சர்க்கரையோடு இருந்தும் காலை யாருமே தொட்டுப் பார்க்காத ஆட்களை எனக்குத் தெரியும்.

ஒரு விஷயம், இங்கே அளவே வேறு. நம்ம ஊரில் 126 என்று சொல்வதை இங்கே 7 என்பார்கள். இங்கே சொல்லும் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம்ம கணக்கு வந்துவிடும். மூன்று மாதச் சராசரியும் அப்படித்தான், ஊரில் 7 சதவீதம் என்றால் இங்கே 53. ரிப்போர்ட்டில் 53 என்று பார்த்துவிட்டு ஒருவர் பதறிப்போய் எங்களிடமே வந்துவிட்டார், பாவம்.

பதியும்போதே ரிசப்ஷனில் "மாத்திரை தீரப்போகிறது" என்று சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் சீக்கிரம் நேரம் தருவார்கள். ஊர் டாக்டர் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை, மாத்திரை அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது, அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும்தான் வேண்டும்.

டெர்பி_தனி

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் போன் அடித்துப் பாருங்கள், "நீங்கள் வரிசையில் 23-ஆவது ஆள்" என்று மிஷின் பேசும். உங்கள் முறை வரும்போது அன்றைய நேரம் எல்லாம் தீர்ந்திருக்கும். வரியும் கட்டி, நேஷனல் இன்ஷூரன்ஸும் கட்டி, அதுக்கு மேலே இந்த ஐஎச்எஸ்ஸும் கட்டிவிட்டு ஒரு டாக்டர் முகத்தைப் பார்க்க வாரக்கணக்கில் நிற்க வேண்டும். என் முழங்காலுக்கு எக்ஸ்ரே, அப்புறம் பிசியோ, அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம், நேரம் குறித்துவிட்டு அதையும் அவர்களே ரத்து செய்து, ரத்துக் கடிதம் நான் போய்த் திரும்பின பிறகு வந்து சேர்ந்தது. கம்பெனியில் பிரைவேட் கவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பல் வேலை இருந்தால் ஊருக்குப் போகும்போது முடித்துக்கொள்ளுங்கள். என் அறிவுரை அவ்வளவுதான்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்

டெர்பி அண்ணா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் காத்திருப்போர் பட்டியல் 70 லட்சத்துக்கும் மேல். ஜிபி எழுதியதிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி, அது எட்டப்பட்டுப் பல வருடம் ஆகிறது. ஏ அண்ட் ஈ-யில் நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற இலக்கை நாடு முழுக்கக் கடைசியாகத் தொட்டது 2015-இல். அதை நான் மறைக்கவில்லை, அந்த வரிசையின் மறுபக்கத்தில் நின்று திட்டு வாங்குகிற ஆளே நான்தான்.

ஆனால் வரிசை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும். இங்கே முதலில் வந்தவருக்கு முதல் இடம் கிடையாது. எங்கள் வாசலில் ட்ரையாஜ் என்று ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பார், உங்களுக்குப் பின்னால் வந்தவர் உங்களுக்கு முன்னால் உள்ளே போனால் அவர் நிலைமை மோசம் என்று அர்த்தம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் சில நிமிடத்தில் ஈசிஜி எடுத்துவிடுவோம். விரல் சுளுக்கு என்றால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான், அதுக்கு ஏ அண்ட் ஈ வந்திருக்கவே வேண்டாம், சின்னக் காயங்களைப் பார்க்கும் அர்ஜென்ட் ட்ரீட்மென்ட் சென்டர் போயிருக்கலாம். புற்றுநோய் சந்தேகம் என்று ஜிபி எழுதினால் 28 நாளுக்குள் உண்டு இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது தனி இலக்கு, அந்த வரிசையே வேறு. முழங்கால் வலியால் உயிர் போகாது என்பதால்தான் உங்கள் வரிசை நீளம். கொடுமைதான், ஆனால் அதுதான் கணக்கு.

அப்புறம் ரிசப்ஷனில் "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் நம்ம ஆட்களுக்குக் கோபம் வருகிறது, "அதை உன்னிடம் ஏன் சொல்லணும், டாக்டரிடம் சொல்கிறேன்" என்று முறுக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் வம்புக்குக் கேட்கவில்லை. யாரை இன்றைக்கே பார்க்க வேண்டும், யாரை நர்ஸிடம் அனுப்பலாம், யாரை ஃபார்மசிக்குத் திருப்பலாம் என்று பிரிப்பதற்காகத்தான் கேட்கிறார்கள். "உடம்பு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் கடைசி இடம்தான். "மூன்று நாளாக 39 டிகிரி, சாப்பிடவில்லை, நேற்றிலிருந்து சிறுநீர் குறைந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். நாம் வலியைப் பொறுத்துக்கொண்டு "கொஞ்சம்தான்" என்று சொல்லியே பழகிவிட்டோம், இங்கே நீங்கள் கொஞ்சம் என்றால் அவர்களும் கொஞ்சம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

கிளாஸ்கோக்காரன்

குறுக்கே வருகிறேன். எல்லாரும் என்எச்எஸ் என்று ஒன்றாகப் பேசுகிறீர்கள், இங்கே நாலு என்எச்எஸ் இருக்கிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் ஜிபி எழுதும் மருந்துக்குக் காசே கிடையாது. இங்கிலாந்தில் மட்டும்தான் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். ஸ்காட்லாந்தில் கண் பரிசோதனையும் பல் செக்கப்பும்கூட இலவசம். லண்டன் யூடியூபர் சொன்னதைக் கேட்டு இங்கே ஒரு பையன் ஃபார்மசியில் காசு கட்டப் பேங்க் கார்டை நீட்டிக்கொண்டு நின்றான், கவுண்டரில் சிரித்துவிட்டார்கள்.

லீட்ஸ்_புதுசு

அப்போ எனக்கு மாதா மாதம் 9.90 பவுண்டா? அது மாத்திரைக்கா, அட்டைக்கா?

ஹாரோ_அக்கா

ஒரு மருந்து வகைக்கு, தம்பி. 28 குளிசை என்றாலும் 56 என்றாலும் அதே 9.90. ஆனால் உங்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கு இங்கிலாந்தில் எல்லா மருந்தும் இலவசம், சர்க்கரை மருந்து மட்டும் இல்லை, இருமல் மருந்து எழுதினாலும் இலவசம்தான். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் என்றால் கிடையாது. தைராய்டு குறைவுக்குத் தினமும் குளிசை போடுகிறவர்களுக்கும் உண்டு, எங்கள் பெண்களில் எத்தனை பேர் அது தெரியாமல் காசு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்! ஜிபி சர்ஜரியில் எஃப்பி92ஏ என்று ஒரு படிவம் கேளுங்கோ, நிரப்பிக் கொடுத்தால் ஐந்து வருடத்துக்குச் சான்றிதழ் வரும். அது வரும் முன்னம் மருந்து வாங்க வேண்டி வந்தால், காசு கட்டுகிற நேரத்திலேயே எஃப்பி57 ரசீது கேட்டு வாங்குங்கோ, அதைக் காட்டித்தான் காசு திரும்ப எடுக்கலாம். பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் "எனக்கு இலவசம்" என்று டிக் பண்ணிப் போட்டும் வராதேங்கோ, 100 பவுண்ட் வரைக்கும் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும்.

பிள்ளைக்கு மருந்தும் இலவசம், பல்லும் இலவசம். மற்றவர்களுக்கு மாதம் இரண்டு மூன்று மருந்து எழுதுகிறார்கள் என்றால் வருடத்துக்கு 114.50 பவுண்ட் கட்டி ஒரு முன்பணச் சான்றிதழ் எடுக்கலாம், அதற்குப் பிறகு எத்தனை மருந்து என்றாலும் வேறு காசு இல்லை.

நைட்ஷிப்ட்_நர்ஸ்

பையன் காய்ச்சலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜிபி பார்த்துவிட்டு "வைரஸ்தான், பாராசிட்டமால் கொடுங்கள், தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்" என்று அனுப்பிவிடுவார். ஊசி கிடையாது, ஆன்டிபயாட்டிக் கிடையாது, டானிக் கிடையாது. வெளியே வந்து நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள். ஊருக்குப் போன் போட்டால் அத்தை "இதுக்கா அவ்வளவு பணம் கட்டினீங்க?" என்பார். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, அதனால் தரவில்லை, காசை மிச்சம் பிடிக்க இல்லை. ஈரத்துணி வைத்து உடம்பு முழுக்கத் துடைப்பதையும் இங்கே வேண்டாம் என்பார்கள்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே உடனே காட்ட வேண்டும். எந்த வயதானாலும் சரி, மூச்சு வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், உடனே ஆம்புலன்ஸுக்கு 999. உடம்பில் தடிப்பு வந்திருந்தால் கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள், மங்காமல் அப்படியே தெரிந்தால் அதற்கும் 999. இங்கே ஒட்டியிருக்கும் போஸ்டர்களில் எல்லாம் வெள்ளைத் தோல்தான். நம்ம பிள்ளைகளுக்கு உடம்பு நீலம் பாய்ந்ததா வெளுத்ததா என்று உதடு, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் இங்கெல்லாம்தான் பார்க்க வேண்டும். தடிப்பும் உள்ளங்கையிலும் பாதத்திலும்தான் நன்றாகத் தெரியும்.

அந்த அளவுக்கு இல்லை, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு மனசு கேட்கவில்லை என்றால் 111-க்கு அடியுங்கள். கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், எரிச்சல் படாமல் பதில் சொல்லுங்கள். முடிவில் எங்கே போக வேண்டும் என்று அவர்களே சொல்லி, சில சமயம் நேரமும் போட்டுக் கொடுப்பார்கள். நம்ம ஊர் 108 மாதிரி வண்டிக்கான எண் 999, யோசனைக்கான எண் 111, குழப்பிக்கொள்ள வேண்டாம். மனசு நொறுங்கிப்போய் இருக்கிறவர்களும் 111 அடித்து 2 அழுத்தலாம், படிக்க வந்து தனியாக இருக்கும் பசங்க இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லாத மனச்சோர்வு, பதற்றத்துக்கு இங்கிலாந்தில் டாக்கிங் தெரபீஸ் என்று பேச்சுவழிச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, ஜிபி எழுத வேண்டாம், 18 வயது ஆனவர்கள் நேராக ஆன்லைனில் பதியலாம்.

மில்டன்கீன்ஸ்_மீனா

அக்கா, இழையைத் திருப்புகிறேன், மன்னிக்கவும். எனக்கு ஏழாவது வாரம், முதல் குழந்தை. ஜிபிக்குப் போன் போட்டால் "டாக்டரைப் பார்க்க வேண்டாம், மிட்வைஃபிடம் (பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி) நீங்களே பதியுங்கள்" என்று ஒரு லிங்க் அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது, டாக்டர் பார்க்காமல் ஒரு பிரசவமா என்று. ஊரில் அண்ணி மாதா மாதம் ஸ்கேன் எடுத்தாள்.

ஹாரோ_அக்கா

வாழ்த்துகள் பிள்ளை! பயப்படாதேங்கோ, இங்கே முறை அதுதான். சிக்கல் இல்லாத கர்ப்பத்தை முழுக்க மிட்வைஃப்தான் பார்ப்பார், சிக்கல் ஏதும் தெரிந்தால் உடனே வைத்தியரிடம் அனுப்புவார். ஸ்கேன் வழக்கமாக இரண்டுதான், 12ஆம் கிழமை அளவில் ஒன்று, 20ஆம் கிழமை அளவில் ஒன்று. முதல் குழந்தைக்குப் பத்துத் தரம் அளவில் சந்திப்பு இருக்கும். முதல் சந்திப்பு பத்தாம் கிழமைக்குள் நடந்தால் நல்லது, அதனால் லிங்க்கை இன்றைக்கே நிரப்புங்கோ. மிட்வைஃபிடம் மெட்டர்னிட்டி சான்றிதழ் கேளுங்கோ, பிள்ளை பிறந்து ஒரு வருடம் வரைக்கும் உங்களுக்கு மருந்தும் பல்லும் இலவசம். இந்தக் காலத்தில்தான் பல் வேலையை முடிக்க வேண்டும், பிறகு செக்கப் ஒன்றுக்கே 27 பவுண்டுக்கு மேல், கிரவுன் என்றால் 300ஐத் தாண்டும், அதுவும் என்எச்எஸ் பேஷன்ட் எடுக்கிற பல் வைத்தியர் அகப்பட்டால்!

இன்னொன்று, அம்மா வந்து பிரசவத்துக்கு நின்றால், வைத்தியர் சொல்வதை நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னமே கேட்கலாம், போனிலாவது ஆள் பிடித்துத் தருவார்கள், காசு இல்லை. என் மாமிக்கு வயிற்றில் வருத்தம் வந்தபோது பேரப்பிள்ளைதான் பக்கத்தில் நின்று எல்லாம் சொன்னவன். பாட்டியின் வெட்கமான விஷயம் எல்லாம் பத்து வயதுப் பொடியன் வாயால் வர வேண்டி இருந்தது. அவர் பாதியைச் சொல்லவே இல்லை.

நைட்ஷிப்ட்_நர்ஸ்

மீனா, 20-ஆவது வார ஸ்கேனில் "ஆணா பெண்ணா தெரிய வேண்டுமா?" என்று அவர்களாகவே கேட்கலாம், திடுக்கிட வேண்டாம். நம்ம ஊரில் 1994-இல் கொண்டுவந்த சட்டப்படி அது குற்றம், இங்கே சாதாரணம்.

டெர்பி_தனி

அம்மா வருவது என்றதும் ஞாபகம் வந்தது, இதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். விசிட் விசாவில் வரும் அப்பா அம்மாவுக்கு ஐஎச்எஸ் கிடையாது, அதனால் இலவசமும் கிடையாது. ஜிபியைப் பார்க்கலாம், ஏ அண்ட் ஈ-யில் முதலுதவி வரைக்கும் இலவசம். வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து மீட்டர் ஓடும், அதுவும் என்எச்எஸ் கணக்குப் போடும் விலையில் ஒன்றரை மடங்கு. உயிர் போகிற அவசரம் என்றால் காசு இல்லை என்று சிகிச்சையை மறுக்கமாட்டார்கள், ஆனால் பில் பின்னாலேயே வரும். 500 பவுண்டுக்கு மேல் இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் அடுத்த தடவை விசா கேட்கும்போது அதைக் காட்டியே மறுக்கலாம். ஆகவே டிராவல் இன்ஷூரன்ஸ் போடுங்கள், போடும்போது பிபி, சர்க்கரை, ஸ்டென்ட் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள், பிரீமியம் ஏறினாலும் பரவாயில்லை. மறைத்துவிட்டு மாரடைப்பு வந்தால் கம்பெனிக்காரன் கையை விரித்துவிடுவான்.

கிளாஸ்கோக்காரன்

டெர்பி அண்ணே, என்எச்எஸ்ஸைத் திட்டிக்கொண்டே எல்லாரையும் விட அதிகமாகத் தெரிந்து வைத்திருப்பது நீங்கள்தான். 😄

நைட்ஷிப்ட்_நர்ஸ்

அண்ணாவின் முழங்காலுக்கு ஒரு யோசனை. இங்கிலாந்தில் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதும்போது எந்த ஆஸ்பத்திரி என்று நீங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. ஜிபி பக்கத்து ஆஸ்பத்திரியைப் போட்டால் அப்படியே தலையாட்டாதீர்கள், எங்கே காத்திருப்பு குறைவு என்று கேளுங்கள், என்எச்எஸ் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பிரைவேட் ஆஸ்பத்திரிகளும் அந்தப் பட்டியலில் வரும், உங்களுக்குச் செலவு இல்லை. கடிதத்தை மட்டும் நம்பாமல் என்எச்எஸ் ஆப்பிலும் அப்பாயின்ட்மென்ட்டைப் பாருங்கள். ரத்து, குளறுபடி என்றால் ஆஸ்பத்திரியில் பால்ஸ் என்று ஒரு பிரிவு இருக்கும், அங்கே ஒரு மெயில் போடுங்கள். வார்டில் எங்களிடம் கத்துவதைவிட அது வேலை செய்யும்.

டெர்பி_தனி

ஆஸ்பத்திரியை மாற்றலாம் என்பது உண்மையிலேயே தெரியாது. ஜிபியும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கேட்கிறேன்.

லீட்ஸ்_புதுசு

எல்லாருக்கும் நன்றி. பதிந்தாகிவிட்டது, வீட்டு ஆதாரம் யாரும் கேட்கவில்லை. மாத்திரை தீரப்போகிறது என்று ஆன்லைன் படிவத்தில் எழுதினேன், இரண்டாம் நாள் சர்ஜரியிலேயே வேலை செய்யும் ஃபார்மசிஸ்ட் ஒருவர் போன் செய்தார், அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார், மருந்து வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு கம்ப்யூட்டரிலேயே போய்விட்டது, சீட்டு என்று கையில் ஒன்றுமே தரவில்லை. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. நர்ஸ் என் எடையைப் பார்த்துவிட்டு, தெற்காசியர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிகம்தான், 25 வரை காத்திருக்க வேண்டாம் என்றார். மனைவி பக்கத்தில் இருந்து சிரித்தாள்.

கடைசியாக ஒன்று. கண் ஸ்க்ரீனிங் என்று தனியாக ஒரு கடிதம் வரும் என்கிறார்கள். அது ஸ்பெக்ஸ் கடையில் செய்வதும் ஒன்றுதானா? காரில் போய் வரலாமா?

நைட்ஷிப்ட்_நர்ஸ்

இரண்டும் ஒன்றில்லை. ஸ்பெக்ஸ் கடையில் பவர் பார்ப்பார்கள், சர்க்கரை இருப்பவர்களுக்கு அதுவும் இலவசம்தான். இந்த ஸ்க்ரீனிங் விழித்திரையைப் படம் எடுப்பது, இரண்டுக்கும் போக வேண்டும். சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். கார் ஓட்டக் கூடாது, பஸ்ஸில் போங்கள், கூலிங்கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.